வாசகர் கேள்வி–பதில்: முதல் பக்கத்துக்குக் குறுக்கு வழி உண்டா?

கேள்வி: எங்கள் கோரைப்பாய்க் கடைக்கு ஒரு சிறு இணையதளம் வைத்திருக்கிறோம். ஒரே மாதத்தில் கூகுளின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவதாக ஒரு நிறுவனத்தார் உறுதி கூறுகிறார்கள். ஊருக்கு ஒரு பக்கம் போடுவது, பக்கத்தின் அடியில் வெள்ளை எழுத்தில் சொற்களை நிரப்புவது, பிற தளங்களிலிருந்து இணைப்புகளை விலைக்கு வாங்குவது ஆகியவை அவர்கள் சொல்லும் வழிகள். ஒப்புக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், பத்தமடை

பதில்: வேண்டாம். முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கும்போது, அந்த உத்தரவாதத்தைத் தருகிறவர்களை நம்பிப் பணம் கொடுப்பது சரியல்ல. அவர்கள் சொல்லும் மூன்று வழிகளுமே தேடலை ஏமாற்றும் வேலைகளுக்கு எதிரான கூகுளின் ஸ்பேம் கொள்கையில் தடை செய்யப்பட்டவை. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து, பார்ப்பவர் கண்ணுக்குப் படாவிட்டாலும், பக்கத்தின் நிரலைப் படிக்கும் தேடுபொறிக்குத் தெரியும். செயற்கையான இணைப்புகளால் முன்னுக்கு வரும் தளங்களைப் பின்னுக்குத் தள்ளவென்றே 2012 ஏப்ரலில் கூகுள் தேடலில் பென்குவின் என்ற மாற்றம் வந்தது. 2016இல் அது தளங்களை வரிசைப்படுத்தும் தேடலின் அடிப்படைக் கணிப்புமுறையோடு சேர்க்கப்பட்டுவிட்டது.

ஊருக்கு ஒரு பக்கம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல எண்ணத்தோடு தொழில் நடத்துகிறவர்களும் இதில்தான் விழுகிறார்கள். ‘சேரன்மகாதேவியில் சிறந்த பாய்’, ‘அம்பாசமுத்திரத்தில் சிறந்த பாய்’ என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி, மற்ற வரிகளை அப்படியே வைத்துப் போடும் பக்கங்களை வாசல் பக்கங்கள் என்பார்கள். வாசல் பக்கங்கள் வைத்த குற்றத்துக்காக 2006இல் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே கூகுள் தேடல் முடிவுகளிலிருந்து சில நாள் நீக்கி வைத்தது. உங்களுக்கு அம்பாசமுத்திரத்தில் கடை இல்லாதபோது, அவ்வூர்க்காரருக்கு அந்தப் பக்கத்தில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

அதற்குப் பதிலாக, மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாயைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். பெயரை எத்தனை எழுத்துக்குள் தர வேண்டும், முகூர்த்தத்துக்கு எவ்வளவு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், அளவு என்ன, விலை என்ன, சென்னைக்கு அனுப்ப எவ்வளவு ஆகும் என்பவற்றோடு, தறியில் இருக்கும் பாயின் படத்தையும் போடுங்கள். தொலைபேசியில் உங்களிடம் கேட்கப்படும் இந்தக் கேள்விகளைத்தான் மக்கள் கூகுளிலும் தட்டுகிறார்கள்.

கேள்வி: எங்கள் நாற்றுப்பண்ணைத் தளத்துக்கு முன்பே இணைப்புகள் வாங்கிவிட்டோம். இப்போது வருகை சரிந்துவிட்டது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, களக்காடு

பதில்: தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில், கூகுள் ஊழியர் தளத்தைப் பார்வையிட்டு எடுத்த நடவடிக்கை (manual action) என ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், இணைப்பு விற்றவர்களிடம் பேசி அவற்றை எடுக்கச் செய்யுங்கள். அவர்கள் எடுக்க மறுக்கும் இணைப்புகளை மட்டும், ‘இவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டாம்’ என்று கூகுளிடம் சொல்ல உதவும் டிஸ்அவோ கருவியில் பட்டியலிட்டு, நடந்ததை மறைக்காமல் எழுதிக் கூகுளிடம் மறுபரிசீலனை கோருங்கள். நடவடிக்கை எதுவும் இல்லையென்றால், வாங்கிய இணைப்புகள் கணக்கில் சேராமல் போயிருக்கலாம். அவை தந்த பலன் திரும்பி வராது. அந்த நிலையில் இன்னும் இணைப்பு வாங்காமல், உங்களிடம் உள்ள ஒவ்வொரு கன்றின் ரகம், நடும் பருவம், விலை ஆகியவற்றைத் தளத்தில் எழுதத் தொடங்குங்கள்.