அவர் கண்டிப்பு, நான் சிடுமூஞ்சி: வேலைக்குப் போகும் பெண்களின் கேள்விகள்

தஞ்சாவூரில் தொழிலாளர் வழக்குகள் பார்க்கிற வக்கீல் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: கும்பகோணத்தில் ஜவுளிக்கடையில் இருக்கிறேன். ஆண்கள் டீ குடிக்கப் போனால் யாரும் கேட்பதில்லை, நான் ஸ்டூலில் உட்கார்ந்தால் "வீட்டு ஞாபகமா"?

பதில்: வேலையாட்களுக்கு இருக்கை போட்டே ஆக வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்தைத் திருத்தியாயிற்று. உட்காருவது முதலாளி காட்டும் தயவு அல்ல. தொழிலாளர் துறைக்கு மனு எழுதுங்கள், ஆனால் தனியாகப் போகாதீர்கள், நான்கு கையெழுத்தாவது இருக்கட்டும்.

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் நடவுக்குப் போகிறோம். வரப்பு வெட்டும் ஆளுக்குக் கூலி கூடுதல், கேட்டால் அது கஷ்டமான வேலையாம்.

பதில்: என் அம்மாவும் நடவு நட்டவர்தான், ராத்திரி இடுப்பு பிடித்துக்கொண்டு அவர் படுத்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவளிடம் அது லேசான வேலை என்று சொல்லிப் பார்க்கட்டும். சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் 'ஒரே மாதிரி வேலை' என்ற வார்த்தையில்தான் நழுவுகிறார்கள்: நடவும் களையும் பொம்பளை வேலை என்று முதலில் ஒதுக்குவது, அப்புறம் வேலை வேறு, அதனால் கூலி வேறு என்பது. நூறு நாள் வேலையில் மட்டும் எப்படி இருவருக்கும் ஒரே ரேட் போட முடிந்தது? உடனே செய்யக்கூடியது, ஆள் கூலிக்குப் போகாமல் ஏக்கருக்கு இவ்வளவு என்று கோஷ்டியாகப் பேசுவது. சம்பா நடவு நெருக்கும்போது பேசினால்தான் படியும்.

கேள்வி: கர்ப்பம் என்று சொன்னதும் என் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து சீட்டுக்காரருக்குக் குழந்தை பிறந்தபோது "குடும்பஸ்தன்" என்று சம்பளம் ஏற்றினார்கள்.

பதில்: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்றால், முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தாலே போதும், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கவும் முடியாது. வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மயிலாடுதுறையிலிருந்து ஒரு ஆண். எங்கள் மேடம் எப்போதும் கத்துகிறார், இதைச் சொன்னால் ஆணாதிக்கமா?

பதில்: கத்துவது தப்புதான். முன்பு இருந்த சார் கத்தியபோதும் சொன்னீர்களா?

கேள்வி: எங்கள் கடையில் ஆறே பேர். ஓனர் ராத்திரியில் அசிங்கமாக வாட்ஸ்அப் அனுப்புகிறார். சொன்னால் என் பெயர்தான் கெடும்.

பதில்: பத்துப் பேருக்குக் குறைவான இடத்துக்கும், புகார் முதலாளி மேலேயே என்றாலும், மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. கலெக்டர் ஆபீஸில் விசாரியுங்கள். வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கோபத்தில் அந்த மெசேஜ்களை மட்டும் அழித்துவிடாதீர்கள்.