'ஹோல்ட் அப்' என்றால் என்ன? எப்படிப் பயன்படுத்துவது?

வடசென்னையில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் பைக்கோடு நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போகும். கடைசிப் பெட்டியும் போயிடுச்சு என்று வண்டியை ஸ்டார்ட் பண்ணினால், எதிர்ப்பக்கம் இன்னொரு ரயில் வரும். பைக்கைச் சாய்த்து கேட்டுக்கு அடியில் நுழைக்கும் வீரர்களும் உண்டு (வேண்டாம் சாமி). ஆபீசுக்கு அரை மணி நேரம் லேட். 'ஐ வாஸ் ஹெல்ட் அப் அட் தி ரயில்வே கேட்.' கேட்டில் மாட்டிக்கிட்டேன், அவ்வளவுதான்.

அகராதியில் 'தடு' என்று போட்டிருப்பார்கள். அது பாதி அர்த்தம்தான். தடுத்துவிட்டால் போகவே முடியாது. 'ஹெல்ட் அப்' என்றால் லேட்டாகவாவது போய்ச் சேருவோம். ஒருவரை முன்னேற விடாமல் இழுத்துப் பிடிப்பதற்கு 'ஹோல்ட் பேக்'. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

நம்மவர்கள் அதிகம் செய்யும் தப்பு, 'ஐ ஆம் ஹோல்டப்' என்பது. 'ஹெல்ட்' வர வேண்டும். அப்புறம் மீ, அஸ், ஹிம் எல்லாம் நடுவில்தான் உட்காரும்: 'தி ரெயின் ஹெல்ட் அஸ் அப்'. 'ஹெல்ட் அப் அஸ்' தப்பு. மாட்டிக்கொண்டது டிராஃபிக், கன்டெய்னர் லாரி என்று பெயரைச் சொன்னால் நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம்.

பெயர்ச்சொல்லாக்கும்போது உஷார். நான் வேலை செய்வது பாரிமுனைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில். ஒருநாள் எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசையில் சிக்கிக்கொண்டு, அமெரிக்க கஸ்டமருக்கு போனிலேயே 'ஐ ஆம் இன் எ ஹோல்டப்' என்று மெயில் தட்டினேன். உடனே பதில்: 'ஆர் யூ சேஃப்?' 'ஹோல்டப்' என்றால் தாமதமும்தான், ஆனால் துப்பாக்கி காட்டி வழிப்பறி செய்வதற்கும் அதே சொல். அந்த ஆள் பயந்தேபோய்விட்டார். எங்கள் மேனேஜர் ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

தாங்குவது, தாக்குப்பிடிப்பது என்றும் அர்த்தம் உண்டு. கேட்டில் நின்று நின்றே பழசான என் பைக்கைப் பற்றி யாராவது விசாரித்தால், 'இட்ஸ் ஹோல்டிங் அப் வெல்'.