சுருள்முடி நாய்க்குட்டி: வெயில் வருமுன் முடியை ஒட்ட மழித்துவிடலாமா?

கேள்வி சுருக்கமாக இது: 8 மாதப் பூடில் கலப்புக் குட்டி, உடம்பெல்லாம் அடர்ந்த சுருள்முடி. வெயில் காலம் தொடங்குகிறது. ஒட்ட மழித்துவிட்டால் அதற்குச் சுகமாக இருக்குமா? வீட்டிலேயே செய்யலாமா?

ஒட்ட மழிக்க வேண்டாம். 12 முதல் 20 மில்லிமீட்டர் வரை விட்டுச் சீராகக் குறைத்தால் போதும். பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் இந்த வயதுக் குட்டிக்குப் பெரிய பிரச்சினை முடியின் நீளம் அல்ல, அடியில் பிடிக்கும் சிக்கு. அதை எடுக்காமல் கிளிப்பரை (முடி வெட்டும் மின்கருவியை) கையில் எடுத்தால் எதுவும் சரியாக வராது.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் வெளியேற்றும். அதனால் முடியை எடுத்தால் நாம் நினைக்கும் அளவுக்கு அதற்குக் குளிர்ந்துவிடாது. சிக்கில்லாத சுருள்முடிக்குள் காற்று புகுந்து வரும், நேர் வெயிலும் தோலில் படாது. சிக்குப் பிடித்த முடியோ தோலை ஒட்டி ஒரே படலமாக இறுகிவிடும். காற்றும் நுழையாது, உள்ளே போன ஈரமும் காயாது. கோடையில் அக்குளிலும் கழுத்திலும் சிவந்து, கசிந்து, சில மணி நேரத்திலேயே பரவும் ஈரப்புண் பல நேரம் இந்தப் படலத்துக்கு அடியில்தான் தொடங்குகிறது. ஒட்ட மழித்தால் வேறு தொல்லை: வெள்ளை, க்ரீம், ஏப்ரிகாட் நிறக் குட்டிகளின் வெளிர்ந்த தோல் வெயிலில் எளிதில் கன்றிப்போகும். கலப்பில் ரிட்ரீவர் போன்ற இனம் இருந்து, மேல்முடிக்கு அடியில் மென்மையான உள்முடியும் இருந்தால், தோல்வரை மழித்த இடத்தில் முடி திட்டுத் திட்டாகத் திரும்பி வரவும் கூடும்.

குட்டிமுடி உதிர்ந்து பெரிய நாயின் முடி வருவது பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 12 மாதத்துக்கும் இடையில். நேர்முடி நாயாக இருந்தால் உதிர்ந்த முடி தரையில் விழும், சோபாவில் ஒட்டும், கண்ணுக்குத் தெரியும். சுருள்முடியில் உதிர்ந்தது பக்கத்துச் சுருளிலேயே மாட்டிக்கொள்ளும். போன மாதம் வரை வாரம் இரண்டு முறை வாரினால் பளிச்சென்று இருந்த குட்டி, திடீரென்று மூன்றே நாளில் சிக்குப் பிடிப்பது இதனால்தான். உங்கள் வாரும் முறை கெட்டுப்போகவில்லை, முடிதான் மாறிவிட்டது. இந்தச் சில மாதங்களுக்குத் தினமும் வார வேண்டும். முடியாதென்றால் நீளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நீளத்தை முடிவு செய்ய வேண்டியது வெயில் அல்ல, வாரத்தில் எத்தனை நாள் சீப்பெடுக்கப்போகிறீர்கள் என்பதுதான்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. நீளமான, வளையும் கம்பிகள் உள்ள ஸ்லிக்கர் பிரஷ் ஒன்று. ஒரு பாதி அகலப் பல்லும் மறு பாதி நெருக்கப் பல்லும் உள்ள உலோகச் சீப்பு ஒன்று. சிக்கெடுக்கும் ஸ்ப்ரே. முனை உருண்டையான சின்னக் கத்தரி. இதில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சீப்பை வாங்குங்கள். பிரஷ் ஏமாற்றும். மேல் 2 சென்டிமீட்டரை மட்டும் வாரிவிட்டுப் பஞ்சு மாதிரி காட்டும், அடியில் கம்பளம் அப்படியே இருக்கும். சீப்பு தோலில் தொடங்கி நுனி வரை தடையில்லாமல் வந்தால்தான் அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம்.

வாரும் முறை: வகிடு எடுத்து வார வேண்டும். பின்னங்காலின் பாதத்துக்கு மேலிருந்து தொடங்குங்கள். ஒரு கையால் மேல்முடியைத் தூக்கிப் பிடித்தால் கீழே தோல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள முடியை மட்டும் ஸ்லிக்கரால் லேசாகத் தட்டி இழுங்கள், பிறகு அதே இடத்தில் சீப்பு. தடையில்லாமல் வந்ததும் அரை அங்குலம் மேலே அடுத்த வகிடு. இப்படியே கால், விலா, முதுகு, மார்பு, கழுத்து. பிரஷைத் தோலில் அழுத்தித் தேய்க்கக் கூடாது. ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து முறை இழுத்தால் தோல் சிவந்து சிராய்ந்துவிடும். குட்டி அடுத்த முறை பிரஷைப் பார்த்தவுடன் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

சிக்கு முதலில் பிடிக்கும் இடங்கள் எல்லாக் குட்டிக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: காதுக்குப் பின்னால், அக்குள், கழுத்துப்பட்டையும் ஹார்னஸும் உரசும் இடம், தொடை இடுக்கு, வால் அடி, விரல் இடுக்கு. வீட்டுக்குள் ஹார்னஸைக் கழற்றி வைத்தாலே பாதித் தொல்லை குறையும்.

பிடித்துவிட்ட சிக்கை எடுக்க, ஸ்ப்ரேயோ கொஞ்சம் சோளமாவோ தூவி, சிக்குக்கும் தோலுக்கும் நடுவில் முடியை விரலால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்போது இழுப்பு தோலுக்குப் போகாது. நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வேரை நோக்கிப் பிரியுங்கள். பிரியாவிட்டால் சிக்கை முடியின் போக்கிலேயே நீளவாக்கில் இரண்டாகக் கத்தரித்துப் பிறகு பிரிக்கலாம். சிக்கைத் தூக்கிப் பிடித்து அடியில் கத்தரி போடவே கூடாது. நாயின் தோல் மெல்லியது, தளர்வானது. சிக்கோடு சேர்ந்து கூடாரம் போல மேலே வரும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவீர்கள். தையல் போடும் அளவுக்குக் காயமாவது பெரும்பாலும் இப்படித்தான். வெட்டியே ஆக வேண்டுமானால் தோலுக்கும் சிக்குக்கும் நடுவில் சீப்பை நுழைத்து, சீப்புக்கு மேலே வெட்டுங்கள். சீப்பே நுழையாத அளவு ஒட்டியிருந்தால் அது கத்தரி வேலை அல்ல, கிளிப்பரில் மாட்டும், மிகக் குட்டையாக வெட்டும் 10 எண் பிளேடு வேலை.

குளிப்பாட்டுவது சிக்கெடுத்த பிறகுதான். சிக்கோடு நனைத்தால் முடி ஒன்றோடொன்று இறுகிக் காயும்போது கட்டியாகிவிடும், பிறகு மழிப்பதைத் தவிர வழியில்லை. தண்ணீர் மணிக்கட்டில் பட்டால் சூடாகவும் தெரியக் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. நாய்க்கான ஷாம்பூவை பாட்டிலில் சொன்ன அளவுக்கு நீர்த்து, முடியைக் கசக்காமல், மேலிருந்து கீழாக அழுத்தித் தடவுங்கள். வட்டமாகத் தேய்த்தால் புதுச் சிக்கு. நம் ஷாம்பூ நாயின் தோலுக்கு அமிலம் கூடுதல், வறண்டு அரிக்கும். ஷாம்பூ போட்ட நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் அலசுங்கள். அக்குளிலும் வயிற்றிலும் தங்கும் நுரைதான் பிறகு அரிப்பாக வரும். அலசியபின் கண்டிஷனர் போட்டால் அடுத்த வாரம் வாருவது எளிது.

உலர்த்துவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். வெயிலில் தானாகக் காயட்டும் என்று விட்டால் சுருள் இறுகி, உதிர்ந்த முடியையும் சேர்த்துப் பின்னிக்கொள்ளும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ட்ரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, காற்று படும் இடத்தை அப்போதே ஸ்லிக்கரால் நீட்டி வாருங்கள். உங்கள் கை எப்போதும் காற்று படும் இடத்தில் இருக்கட்டும். கைக்குச் சுட்டால் குட்டிக்கும் சுடும். கூண்டில் அடைத்துச் சூடான காற்று விடுவது ஆபத்து, உடம்புச் சூடு ஏறி உயிரே போகலாம். முடி நேராக நிற்கும்வரை உலர்த்தினால்தான் கிளிப்பர் ஒரே சீராக ஓடும். சுருண்டிருக்கும்போது வெட்டினால் அன்றைக்கு நன்றாகத் தெரியும், மறுநாள் படிக்கட்டுப் படிக்கட்டாக நிற்கும்.

இனி வெட்டு. பிளேடு எண் கூடக் கூட முடி குறையும்: 10 எண் சுமார் 1.5 மில்லிமீட்டர் விடும், 7எஃப் 3.2, 5எஃப் 6.3, 4எஃப் 9.5, 3எஃப் 13. வீட்டில் முதல் தடவை செய்பவர்களுக்கு, கிளிப்பர் மேல் மாட்டும் 13 அல்லது 16 மில்லிமீட்டர் கார்டு சீப்புதான் நல்லது. வெளிர்ந்த தோல் உள்ள குட்டிக்கு முதுகில் 16க்குக் கீழே போகாதீர்கள். கழுத்தின் பின்புறத்தில் தொடங்கி, முடி படுத்திருக்கும் போக்கிலேயே வால் நோக்கி, பிறகு விலாவில் கீழ்நோக்கி, கால்களில் பாதம் நோக்கி ஓட்டுங்கள். எதிர்ப்போக்கில் ஓட்டினால் அதே சீப்பு இன்னும் குட்டையாக வெட்டும். கால்களுக்கு ஒரு அளவு நீளமான சீப்பு மாட்டினால் குட்டி குச்சிக் கால் போலத் தெரியாது. சீப்பு எங்கேயாவது நின்றால் தள்ளாதீர்கள், அங்கே சிக்கு இருக்கிறது. திரும்ப வாருங்கள்.

பிளேடு சுடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள், இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். வெட்டிய மறுநாள் வயிற்றில் வரும் சிவப்புத் தடிப்பை அலர்ஜி என்று நினைப்பார்கள், பல நேரம் அது பிளேடுச் சூடு.

கவனமாகப் போக வேண்டிய இடங்கள்: அக்குளிலிருந்து விலாவுக்குப் போகும் தோல் மடிப்பு, பின்தொடைக்கு முன்னால் இருக்கும் மடிப்பு, பின்னங்காலின் குதி நரம்பு, முலைக்காம்புகள் (ஆண் குட்டிக்கும் உண்டு), காது ஓரம். காதின் வெளி ஓரத்தில் அடிப்பக்கமாக இரட்டைத் தோலாக ஒரு சின்னப் பை இருக்கும். தெரியாதவர்கள் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். இங்கெல்லாம் மறு கையால் தோலைத் தட்டையாக விரித்துப் பிடித்துக்கொண்டு ஓட்டுங்கள். வயிறு, சிறுநீர் கழிக்கும் இடம், ஆசனவாயைச் சுற்றி: 10 எண் பிளேடு, அழுத்தாமல். அதைவிடக் குட்டையான பிளேடு எதற்கும் வேண்டாம்.

பாதத்தின் அடியில், மெத்தைக்கு மட்டமாக முடியை எடுங்கள், விரல் இடுக்குக்குள் தோண்டாதீர்கள். கோடையில் இது அலங்காரத்துக்காக அல்ல. காய்ந்த புல்விதைகள் இந்த முடியில் மாட்டித் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலுக்கு நடுவில் சீழ் கட்டும். நகத்தையும் அன்றைக்கே வெட்டிவிடுங்கள். கறுப்பு நகமானால் மெல்லிய சீவல்களாக வெட்டி, வெட்டு முகத்தின் நடுவில் ஈரமான கருப்புப் புள்ளி தெரிந்ததும் நிறுத்துங்கள், அதற்கு அப்பால் ரத்தக்குழாய். கண் பக்கத்து முடிக்குக் கத்தரியை மூக்குத் தண்டுக்கு இணையாகப் பிடியுங்கள். முனை ஒருபோதும் கண்ணை நோக்கி இருக்கக் கூடாது.

காதுக்குள் இருக்கும் முடியைப் பிடுங்குவது பற்றி இரண்டு கட்சி உண்டு. என் பக்கம்: நாற்றமோ கசிவோ இல்லாத காதைத் தொடாதீர்கள், பிடுங்கிய இடம் புண்ணாகி அதிலேயே கிருமி ஏறலாம். வாசலை அடைக்கும் முடியைக் கத்தரித்துவிட்டு, குளித்தபின் காதை உலர வைத்தால் போதும். ஏற்கெனவே அடிக்கடி காதுநோய் வரும் குட்டியானால் கால்நடை மருத்துவர் சொல்வதைச் செய்யுங்கள்.

குட்டி நிற்காவிட்டால் அடக்கிப் பிடிக்காதீர்கள். அணைத்த கிளிப்பரை உடம்பில் வைத்துத் தின்பண்டம், அடுத்த நாள் ஓடும் கிளிப்பரைத் தள்ளி வைத்துத் தின்பண்டம், அதற்கடுத்து ஓடும் கிளிப்பரின் பின்புறத்தை மட்டும் குட்டியின் தோளில் வைத்து அதிர்வைப் பழக்குவது என்று நாளுக்கு ஐந்து நிமிடம். முழு வெட்டையும் ஒரே நாளில் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இன்றைக்கு முதுகு, நாளைக்கு கால். பாதி வெட்டிய குட்டி பார்க்க விநோதமாகத்தான் இருக்கும், அதற்கு அது கவலைப்படாது.

உடம்பு முழுவதும் கம்பளமாகிவிட்டிருந்தால் வீட்டில் முயல வேண்டாம், அனுபவமுள்ள க்ரூமரிடம் விடுங்கள். அங்கே ஒட்ட மழிக்கத்தான் வேண்டியிருக்கும், அப்போது அதுதான் இரக்கம். அதன்பின் சில நாள் காதைக் கவனியுங்கள். கனத்த சிக்கு நீங்கிய காதை நாய் விடாமல் உதறும், அதில் உள்ளே ரத்தம் கட்டி வீங்கலாம். வீங்கினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். முடி ஒரு சென்டிமீட்டராவது வளரும்வரை உச்சி வெயிலில் வெளியே விடாதீர்கள்.

முடி குட்டையாக இருக்கும் நாட்களில் உண்ணி பார்ப்பது எளிது. நடை முடிந்து வந்ததும் விரலால் தடவிப் பாருங்கள்: காது உட்புறம், இமை ஓரம், அக்குள், விரல் இடுக்கு, வாலுக்கு அடியில். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுங்கள். எண்ணெய், நெருப்பு, ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். கழுத்தில் சொட்டும் உண்ணி மருந்து போடுவதானால், குளியலுக்கும் அதற்கும் பொதுவாக இரண்டு நாள் இடைவெளி கேட்பார்கள். அட்டையில் உள்ளதையும் குட்டியின் எடை அளவையும் பார்த்துப் போடுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் உள்ளதை வாங்கவே வாங்காதீர்கள், பூனைக்கு அது விஷம்.

13 மில்லிமீட்டரில் வெட்டிய முடிக்கு வாரம் மூன்று முறை சீப்பு, 5 முதல் 6 வாரத்துக்கு ஒரு வெட்டு என்பது சரியான கணக்கு. முடி மாறி முடியும் வரை காதின் பின்புறத்தையும் அக்குளையும் மட்டும் தினமும் பாருங்கள்.