மாத்திரை எடுத்துக் கொடுப்பதைத் தவிர மருந்தாளுநருக்கு வேறு என்ன வேலை?

கேள்வி கேட்டவர், "நோய் வராமல் தடுப்பதில் மருந்துக்கடைக்காரருக்கு ஏதாவது பங்கு உண்டா, இல்லை வெறும் வியாபாரம்தானா?" என்றும் சேர்த்திருக்கிறார். பல வருடமாகக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன், அதனால் சொல்கிறேன். வியாபாரமும்தான், மறைப்பானேன். கூடவே நடக்கிற இன்னொன்றைப் புரியவைக்க ஒரு சம்பவம்.

ஒருவர் இருமல் சிரப் கேட்டு வந்தார். கொடுத்தேன். பத்து நாள் கழித்து வேறொரு சிரப் வாங்கிப் போனார். மூன்றாவது தடவை வந்து, "இதுவும் கேக்கலைங்க, இன்னும் ஸ்ட்ராங்கா ஏதாவது குடுங்க" என்றபோதுதான் எனக்கு உறைத்தது. சளி வருதா என்று கேட்டேன். "இல்ல, வறட்டு இருமல்தான். தொண்டைய யாரோ சுரண்டுற மாதிரியே இருக்கு." வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். எனலாப்ரில். பிரஷருக்காக இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார். இருமலுக்கும் ஏறக்குறைய அதே வயசு.

'ப்ரில்' என்று முடிகிற பிரஷர் மாத்திரைகளுக்கு இந்தக் குணம் உண்டு. எல்லோருக்கும் வராது, வந்தவரைப் பாடாய்ப் படுத்தும். ரத்த அழுத்தத்தைக் கூட்டும் ஒரு நொதியை அந்த மாத்திரை கட்டிப்போடுகிறது. உடம்பில் பிராடிகைனின் என்ற பொருளை உடைப்பதும் அதே நொதிதான். உடைபடாமல் தேங்குகிற பிராடிகைனின் மூச்சுப்பாதையை உறுத்தி இருமலைக் கிளப்புகிறது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இதற்கு சிரப் பாட்டில் பாட்டிலாகக் குடித்தாலும் பலன் இருக்காது. "நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்று சொல்லி, விவரத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதி அவருடைய டாக்டரிடம் அனுப்பினேன். அவர் 'சார்ட்டன்' என்று முடிகிற வேறு வகைப் பிரஷர் மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார். சில வாரத்தில் இருமல் அடங்கிவிட்டது.

நான் முதல் தடவையே கேட்டிருக்க வேண்டும். அன்றைக்குக் கூட்டம் இருந்தது என்பது உண்மைதான், ஆனால் அது சாக்கு. இருமல் தாங்காமல் அவரே பிரஷர் மாத்திரையைத் தூக்கிப் போட்டிருந்தால், அடுத்த தடவை அவர் போகிற இடம் அவசர சிகிச்சைப் பிரிவாகக்கூட இருந்திருக்கலாம்.

டாக்டரை ஒருவர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார். இடையில் அவர் தானாக வாங்குகிற கேஸ் மாத்திரை, மூக்கடைப்புச் சொட்டு மருந்து, வலி மாத்திரை எல்லாம் எங்கள் கண்ணில்தான் படுகின்றன. பிரஷருக்கு ஒரு டாக்டர் 'ப்ரில்' அல்லது 'சார்ட்டன்' எழுதியிருப்பார். கால் வீக்கத்துக்கு இன்னொருவர் நீர் பிரியும் மாத்திரை கொடுத்திருப்பார். முட்டி வலிக்கு இவரே ஐபுபுரோஃபென் கேட்டு வருவார். மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்து, அது திடீரென்று பழுதாகலாம். வயதானவர் என்றாலோ, வாந்தி பேதியில் நீர்ச்சத்து வற்றியிருந்தாலோ ஆபத்து அதிகம். பாரசிட்டமால் கதையும் இப்படித்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகக்கூடாது. காய்ச்சலுக்குத் தனியாக ஒன்று, சளிக்கு ஒரு கூட்டு மாத்திரை என்று விழுங்குகிறவருக்கு இரண்டிலும் அதுவே இருப்பது தெரியாது.

ஆஸ்துமாக்காரர்களிடம் நான் வழக்கமாகக் கேட்பது, "எப்படி உறிஞ்சுறீங்கன்னு ஒரு தடவை காட்டுங்க" என்பது. கொஞ்சம் கூச்சத்தோடு இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்துவார்கள். அழுத்தி முடித்த பிறகுதான் மூச்சை இழுப்பார்கள். பாதி மருந்து நாக்கிலும் தொண்டையிலும் அடிக்கும், மிச்சம் உதட்டோரம் புகையாக வெளியே போகும். முதலில் மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். மெதுவாக இழுக்க ஆரம்பிக்கிற அந்த நொடியிலேயே அழுத்தி, உள்ளே போன மூச்சை 10 விநாடி பிடித்துவைக்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் அப்புறம் வாய் கொப்பளித்துத் துப்பணும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளையாகப் பூஞ்சை படரலாம். சொல்லிக்கொடுக்க மூன்று நிமிஷம் ஆகும். மருந்து வேலை செய்யவில்லை, டோஸை ஏற்ற வேண்டும் என்று வருகிறவர்களில் பலருக்கு இதுவே போதுமாக இருக்கிறது.

சிகரெட்டை நிறுத்துவதற்காக மெல்லுகிற நிகோடின் கம்மும் அப்படித்தான். சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் குமட்டலும் வரும், மறுநாளே ஆள் சிகரெட்டுக்குத் திரும்பிவிடுவார். கொஞ்சம் மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கிவைக்க வேண்டும்.

இதெல்லாம் என் அனுபவம். ஆய்வும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 52 சலூன்களில், பிரஷர் கட்டுக்குள் இல்லாத 319 கறுப்பின ஆண்களை வைத்துச் செய்தார்கள், முடிவு 2018-ல் வெளிவந்தது. ஏறக்குறைய பாதி சலூன்களில், முடி வெட்டுபவர் டாக்டரைப் பார்க்கச் சொல்லி எடுத்துச்சொன்னார். மீதியில் மருந்தாளுநரே வந்து பிரஷர் பார்த்து மருந்தையும் எழுதினார். ஆறு மாதத்தில் பிரஷரின் மேல் அளவு (இரண்டு எண்களில் பெரியது) முதல் குழுவில் சராசரியாக 9 புள்ளி இறங்கியது, இரண்டாவதில் 27. ஒன்றைக் கவனியுங்கள்: டாக்டர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, மருந்தை மாற்றும் உரிமை அந்த மருந்தாளுநர்களுக்கு இருந்தது. எனக்கு அது இல்லை. இங்கிலாந்தில் 2015 முதல் மருந்துக்கடையிலேயே அரசுத் திட்டத்தில் ஃப்ளூ தடுப்பூசி போடுகிறார்கள். வேலையின் எல்லை எது என்பது இடத்துக்கு இடம் மாறும்.

எல்லை என்றதும் சொல்லியாக வேண்டும். நோயைக் கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. இரண்டு வாரம் தாண்டிய இருமல், எடை குறைந்துகொண்டே போகும்போது கேட்கப்படும் கேஸ் மாத்திரை, இடது கைக்குப் பரவுகிற 'வாயு வலி' இதற்கெல்லாம் நான் விற்க வேண்டியது எதுவும் இல்லை, உடனே டாக்டரிடம் அனுப்புவதுதான் சரி. வெறும் ஜலதோஷத்துக்கு ஆன்ட்டிபயாடிக் கேட்டால் வைரஸை அது ஒன்றும் செய்யாது என்று சொல்லிப் பார்ப்பேன். சிலர் கேட்டுக்கொள்வார்கள், சிலர் முறைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள். இந்த விஷயத்தில் நான் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம்.

அப்புறம், அடுத்த தடவை மருந்துக்கடைக்குப் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், சத்து மாத்திரை, நாட்டு மருந்து உட்பட. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனால் நல்லது. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பெரும்பாலும் சும்மாதான் இருப்போம்.