மகளின் புதுநன்மை: கிண்ணம் போதும், அம்மா

கேள்வி: சாமி, என் மகளுக்கு ஒன்பது வயது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் கெடுகிற சீலியாக் நோய் அவளுக்கு இருப்பது போன வருடம் தெரிந்தது. கோதுமை, மைதா, ரவை எதுவும் கொடுப்பதில்லை. மாவு கலக்கிறார்கள் என்பதால் கூட்டுப் பெருங்காயத்தைக்கூட நிறுத்திவிட்டோம். மே மாதம் புதுநன்மை, திருப்பலியில் நற்கருணை அப்பத்தை அவள் முதல்முறை வாங்கும் நாள். "துளியூண்டு அப்பம்தானே, அதுவும் ஆண்டவருடைய உடல், ஒன்றும் செய்யாது" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். அரிசி மாவில் அப்பம் செய்தால் ஆகாதா? கிண்ணத்திலுள்ள திராட்சை இரசம் மட்டும் வாங்கினால் அது பாதி நன்மையா?
- ஒரு தாய், தூத்துக்குடி

பதில்: அம்மா, பெரியவர்கள் பக்தியோடு சொல்கிறார்கள், ஆனால் இந்த விஷயத்தில் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அப்பம் ஆண்டவருடைய உடலாகும்போது மாறுவது அதன் உட்பொருள். நிறம், சுவை, குணம் எல்லாம் கோதுமைக்கு உள்ளபடியே இருக்கும். திருச்சபை காலங்காலமாகச் சொல்லிவருவது இதுதான். ஆகவே பாப்பாவின் குடலுக்கு அது கோதுமைதான். வயிறு வலிக்காவிட்டாலும் உள்ளே சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் சிதையலாம். விசுவாசத்தைச் சோதிக்கிற இடம் குழந்தையின் குடல் அல்ல.

அரிசி அப்பம் நம் திருப்பலிக்கு ஆகாது. திருச்சபைச் சட்டம் 924 கோதுமை அப்பம்தான் வேண்டும் என்கிறது. குளூட்டன் அறவே இல்லாத அப்பமும் செல்லாது என்று ரோமாபுரியிலுள்ள திருச்சபைத் தலைமை 2003-லும் 2017-லும் எழுதியிருக்கிறது. பல சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. குளூட்டன் மிகக் குறைந்த கோதுமை அப்பத்துக்கு நமக்கும் அனுமதி உண்டு. அமெரிக்காவில் மிசௌரி மாநிலம் க்ளைடில் உள்ள பெனடிக்டின் சகோதரிகள் செய்வதில் குளூட்டன் 0.01 சதவீதம், அதாவது ஒரு கிராமுக்கு 0.1 மில்லிகிராம். நாளுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தீங்கில்லை என்பது மருத்துவர்களின் பொதுவான கணக்கு. ஆனாலும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். ஆயரின் அனுமதியும் வேண்டும். ஒருமுறை கொடுத்தால் நோய் உள்ளவரை அது செல்லும்.

என்னைக் கேட்டால், கிண்ணமே நல்ல வழி. பாதி நன்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை, அம்மா. அப்பத்தில் மட்டும் வாங்கும் நாம் முழு கிறிஸ்துவையே வாங்குகிறோம், இல்லையா? இரசத்தில் மட்டும் வாங்குகிறவருக்கும் அதேதான். 1562-இல் திரிதெந்து நகரில் கூடிய திருச்சபையின் பொதுச்சங்கம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. விழுங்க முடியாத நோயாளிகளுக்கு நாங்கள் இரசத்தில் சில சொட்டுதான் கொடுக்கிறோம்.

ஆனால் பெரிய கிண்ணத்திலிருந்து கொடுக்கக் கூடாது. அப்பத்தைப் பிட்ட பிறகு குருவானவர் ஒரு சிறு துண்டை அந்தக் கிண்ணத்தில்தான் போடுவார். ஆகவே பாப்பாவுக்கென்று தனியாக ஒரு சிறு கிண்ணம், தனித் துடைக்கும் துணி. காணிக்கை நேரத்திலேயே அதில் இரசம் ஊற்றி, அப்பத் தட்டிலிருந்து தள்ளி, ஒரு மூடியோடு பீடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அப்பத்தைத் தொட்ட விரலில் மாவுப்பொடி ஒட்டியிருக்கும். அந்த விரல் கிண்ணத்தின் விளிம்பில் படக் கூடாது. என் பங்கில் இப்படி ஒரு பிள்ளைக்குக் கொடுக்கும்போது, கிண்ணத்தின் தண்டை மட்டும் பிடித்து நீட்டுவேன், பிள்ளையே வாங்கிக் குடிக்கும். வேறு யாரும் அதில் வாய் வைப்பதில்லை. குறைந்த குளூட்டன் அப்பம்தான் என்று முடிவானால், நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோகும் சிறு டப்பா போல ஒன்றைத் தனியாக வாங்கி, நீங்களே அதில் அப்பத்தை வைத்துக் கொடுங்கள். அதுவும் பீடத்தில் மூடியபடியே இருக்கட்டும், பாப்பாவே அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

உங்கள் பங்குச் சாமியாருக்கு இது புதிதாக இருக்கலாம். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேரின் இரத்தத்தில் சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருள் இருந்தது. தெற்கே, வேலூர் பக்கம், 0.10 சதவீதம்தான். ஆகவே திருப்பலி முடிந்த அவசரத்தில் வாசலில் நிறுத்திச் சொல்லாமல், ஒரு வேலை நாளில் மருத்துவச் சீட்டோடு போய் உட்கார்ந்து பேசுங்கள். உபதேசியாரும் கூட இருந்தால் நல்லது, கிண்ணங்களை எடுத்து வைப்பது அவர்தானே.

அப்புறம், புதுநன்மைக்கு முன் மறைக்கல்வி வகுப்பில் ஒத்திகை நடக்கும். மந்திரிக்காத சாதா அப்பத்தைப் பிள்ளைகளின் நாக்கில் வைத்துப் பழக்குவார்கள். அதுவும் கோதுமைதான். ஆசிரியையிடம் இப்போதே சொல்லிவையுங்கள். அன்றைக்கு மற்ற பிள்ளைகளுக்கு அப்பம் கொடுக்கும்போது பாப்பாவுக்குச் சிறு கிண்ணத்தில் கொஞ்சம் இரசம் கொடுத்துப் பழக்கச் சொல்லுங்கள். அந்தத் துவர்ப்புச் சுவை நாக்குக்குப் பழகிவிடும்.