பிளான் அப்ரூவல்: வீடு கட்டுவோர் கேட்ட கேள்விகள், பொறியாளர் பதில்கள்

கட்டட அனுமதி பற்றி வந்த கேள்விகளில் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டு விதிகளின்படி.

கேள்வி: தாம்பரம் அருகே 2,400 சதுர அடி மனை இருக்கிறது. தரைத்தளமும் முதல் தளமுமாக 2,800 சதுர அடியில் வீடு கட்ட எண்ணம். "ஆன்லைனில் உடனே அப்ரூவல் வாங்கித் தருகிறேன்" என்கிறார் என்ஜினீயர். யாருமே வந்து பார்க்காமல் தரும் அனுமதி செல்லுமா ஐயா?

செல்லும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சுயசான்று முறை இது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ தரையும் முதல் தளமுமோ கொண்ட குடியிருப்பு என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டியதும் அனுமதி வந்துவிடும். பிளானைச் சரிபார்க்க வாங்கும் கூர்ந்தாய்வுக் கட்டணமும் உள்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் இதற்குக் கிடையாது. பிளானின்படி கட்டி முடித்தாயிற்று என்று தரும் பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை. நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. மனதார வரவேற்கிறேன்.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். முன்பெல்லாம் அதிகாரி வந்து பார்த்து, தவறு இருந்தால் ஃபைலைத் திருப்பி அனுப்புவார். எரிச்சலாக இருந்தாலும் தவறு காகிதத்திலேயே நின்றுவிடும். இப்போது சான்று தருவது நீங்கள். கொடுத்த தகவல் தவறு என்று பின்னால் தெரிந்தால் அனுமதி ரத்தாகும். அதற்குள் காங்கிரீட் போட்டு முடித்திருப்பீர்கள்.

ஆகவே பிளான் பதிவேற்றும் முன் என்ஜினீயரை மனைக்கு வரச் சொல்லுங்கள். டேப்பை நீங்களும் ஒரு முனையில் பிடியுங்கள். மனையின் நான்கு பக்கத்தையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். அப்புறம் சாலையை அளக்க வேண்டும். லே-அவுட் வரைபடத்தில் 30 அடி ரோடு என்று இருக்கும். நேரில் இரண்டு பக்கமும் படிக்கட்டும் சாய்தளமும் நீட்டி 23 அடிதான் மிஞ்சியிருக்கும். முன்பக்கம் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது சாலை அகலத்தைப் பொறுத்தது என்பதால் இது முக்கியம். பத்திரத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு, மனைக்கு வராமலேயே பிளான் போட்டுத் தருகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பத்திரத்தில் 30-க்கு 60, அதாவது 1,800 சதுர அடி. பட்டாவில் அதைவிடக் குறைவாக வருகிறது. நேரில் அளந்தால் இன்னொரு கணக்கு. எதை வைத்து பிளான் போடுவது?

மூன்றில் எது குறைவோ அதை வைத்து. அனுமதி தரும் இடத்திலும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

பலர் இங்கே தவறான இடத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். உங்கள் மனையையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 60 அடி இருந்து மறுபக்கம் 58 அடிதான் இருக்கிறது என்றால் பரப்பு சுமார் 1,770 சதுர அடி. சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2. அந்தக் கணக்கில் 3,600-க்குப் பதில் 3,540 சதுர அடி கட்டலாம். வெறும் 60 சதுர அடிதான் குறைகிறது. வீட்டுக்காரருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் அந்த 2 அடி போனது செட்பேக்கில், அதாவது கட்டடத்தைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய இடத்தில். பிளானில் பின்பக்கம் 4 அடி விட்டதாகக் காட்டியிருப்பார்கள்; நேரில் ஒரு மூலையில் 2 அடிதான் இருக்கும். பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் அந்த மூலையைத்தான் வந்து அளப்பார்கள்.

வித்தியாசம் ஏன் வருகிறது என்பதையும் கண்டுபிடித்துவிடுங்கள். கிராமப் பட்டாவில் கணக்கு ஹெக்டேர், ஏர்ஸ். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் 1,076 சதுர அடி. சின்ன மனைகளில் சதுர அடியை ஏர்ஸுக்கு மாற்றும்போதே கொஞ்சம் முன்பின் ஆகும். அது பெரிய சிக்கல் இல்லை. பக்கத்து மதில் உங்கள் மனைக்குள் வந்திருந்தால்தான் சிக்கல். புல அளவைப் படம், அதாவது எஃப்.எம்.பி., எடுத்துப் பாருங்கள். நில அளவைக்கு மனு கொடுத்து சர்வேயரை வைத்து எல்லைக்கல் நடுங்கள். அஸ்திவாரம் தோண்டிய பிறகு சர்வேயரைத் தேடினால் சண்டைதான் மிஞ்சும்.

பட்டா இன்னும் அப்பா, தாத்தா பெயரில் இருந்தால் அதையும் முதலில் மாற்றுங்கள். வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் இல்லாமல் விண்ணப்பம் நகராது.

கேள்வி: 2012-ல் திருவள்ளூர் பக்கம் அங்கீகாரம் இல்லாத மனை வாங்கினேன். பத்திரம் பதிவாகிவிட்டது, பட்டா என் பெயரில், காலிமனை வரியும் கட்டுகிறேன். இனி அப்ரூவலுக்கு என்ன தடை?

பத்திரம், பட்டா, வரி ரசீது மூன்றும் மனை உங்களுடையது என்பதற்கு ஆதாரம். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறது என்பதற்கு இவற்றில் எதுவும் ஆதாரம் ஆகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சேமிப்பையெல்லாம் போட்டவர்களை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. தெருத்தெருவாகப் போர்டு வைத்து விற்றவர்கள் பத்திரத்தையும் பட்டாவையும் சொல்லியே விற்றார்கள்.

உங்களுக்கு வழி இருக்கிறது. 2017-ல் வந்த வரன்முறை விதிகளின்படி, அதாவது அங்கீகாரம் இல்லாத மனைக்குப் பின்னால் ஒப்புதல் தரும் விதிகளின்படி, 2016 அக்டோபர் 20 அல்லது அதற்கு முன் விற்பனையான மனைகளை வரன்முறைப்படுத்தலாம். முதலில் வரன்முறை ஆணை, அதன் பிறகுதான் கட்டட அனுமதி. அந்த மனைப்பிரிவு முழுவதற்கும் ஏற்கெனவே கொள்கை அளவில் ஒப்புதல் வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் தனிமனை வேலை எளிது. தற்போது விண்ணப்பம் வாங்கும் நிலவரத்தை சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

கூடவே எந்த நிலம் எந்த வகை என்று குறித்திருக்கும் வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள். மனை ஏரியிலோ வாய்க்காலிலோ புறம்போக்கிலோ விழுந்தால் வரன்முறை கிடையாது. அப்படி இருந்தால் அதில் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.

கேள்வி: கீழே இரண்டு கடை, மேலே வீடு. இதுவும் சுயசான்றில் வருமா?

வராது. சுயசான்று குடியிருப்புக்கு மட்டும். "வீடு என்று வாங்கிவிட்டு ஷட்டர் போட்டுக்கொள்ளலாம்" என்று யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். வீடு என்று சொன்னது தவறு என்று பின்னால் தெரிந்தால் அனுமதியே ரத்தாகும். அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: அண்ணன் தம்பி நால்வரும் சேர்ந்து மதுரையில் நான்கு வீடு கட்டுகிறோம். பணி நிறைவுச் சான்று இல்லாமல் கரண்ட் கிடைக்காது என்கிறார்களே?

முன்பு மூன்று வீடுகள் வரைதான் விலக்கு இருந்தது. 2024-ல் அதைத் தளர்த்தி, 14 மீட்டர் உயரத்துக்குள், 750 சதுர மீட்டருக்குள், எட்டு வீடுகள் வரை உள்ள குடியிருப்புக் கட்டடங்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். இந்த அளவுக்குள் இருந்தால் சான்று தேவையில்லை. ஆனால் சான்று வேண்டாம் என்பதால் பிளானை மீறலாம் என்று ஆகாது. 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: காலம் கடந்துவிட்டது என்பதற்காக விதிமீறல் சட்டப்படியானதாக ஆகாது. நாளைக்கு ஒரு தம்பி தன் பங்கை விற்க நினைத்தால் வாங்குகிறவரின் வங்கி பிளானையும் கட்டடத்தையும் ஒப்பிட்டுத்தான் கடன் தரும்.

கேள்வி: படுக்கையறையைப் பெரிதாக்க, பிளானைவிட மூன்றடி பக்கவாட்டில் நீட்டிவிட்டோம். நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன செய்வது?

முதலில் வேலையை நிறுத்துங்கள். நோட்டீஸ் வந்த பிறகு அவசர அவசரமாகப் பூசி முடிப்பது நிலைமையை மோசமாக்கும். நோட்டீஸில் கொடுத்திருக்கும் கெடுவுக்குள் எழுத்து மூலம் பதில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அளந்து பாருங்கள். மூன்றடி நீட்டிய பிறகும் செட்பேக் விதிக்குள் இருந்தால் திருத்திய வரைபடம் கொடுத்து அனுமதி கேட்கலாம். இல்லையென்றால் நீட்டியதை இடிப்பதுதான் வழி. வலிக்கும். ஆனால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் கட்டடத்துக்கே சீல் வைக்க அதிகாரம் இருக்கிறது; மூன்றடிக்காக முழு வீட்டையும் பணயம் வைக்க வேண்டாம். எந்தத் தூண், எந்த பீம் பாதிக்கப்படும் என்று ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயரிடம் கேட்டுவிட்டு இடியுங்கள்.

கேள்வி: "எல்லாம் சேர்த்து" என்று ஒரு தொகை கேட்கிறார் ஏஜென்ட். சரியா?

சரியில்லை. கட்டட உரிமக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், தொழிலாளர் நல நிதி என்று ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் தனித்தனி ரசீது வரும். அரசுக் கட்டணத்தை உங்கள் கணக்கிலிருந்தே கட்டுங்கள். என்ஜினீயருக்கு அவருடைய சம்பளம் தனி, அதைப் பேரம் பேசாமல் கொடுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் சொந்த செல்போன் எண்ணைக் கொடுங்கள். ஏஜென்ட் எண்ணைக் கொடுத்தால் குறைபாடு கேட்டு வரும் செய்தி உங்களுக்கு வராது, ஃபைல் கிடப்பில் கிடப்பதும் தெரியாது.

கேள்வி: பத்து வருடத்துக்கு முன் அப்ரூவல் வாங்கிக் கட்டிய வீடு. இப்போது மாடி எடுக்கப் புதிதாக அனுமதி வேண்டுமா?

கண்டிப்பாக. பழைய அனுமதி ஆணை, பழைய வரைபடம் இரண்டையும் இணைத்து, இருக்கும் தளத்தைத் தனி நிறத்தில் காட்டி விண்ணப்பியுங்கள். பழைய வரைபடம் தொலைந்திருந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் நகல் கேட்டு மனு கொடுங்கள். அதைவிட முக்கியம், கீழே இருக்கும் தூண்கள் மாடியைத் தாங்குமா என்பது. வெறும் சுவர் மேல் நிற்கும் வீடாக இருந்தால் பிளான் போடும் முன்பே அதைச் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: மழைநீர் சேகரிப்புத் தொட்டியைப் பிளானில் காட்டினால் போதுமா, கட்டவும் வேண்டுமா?

கட்ட வேண்டும். 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் இது கட்டாயம். செப்டிக் டேங்கிலிருந்து தள்ளி, மொட்டைமாடித் தண்ணீர் நேராக வந்து விழும் மூலையில் தோண்டுங்கள்.