பசித்தால் தானே சாப்பிடும் என்று பூனையை விட்டுவிடலாமா?

கேள்வி: எங்கள் வீடு மல்லாவிப் பக்கம், வயல் கரையில் இருக்கிறது. மூன்று வயதுக் கடுவன் பூனை ஒன்று வளர்க்கிறோம், பெயர் கறுப்பன். குட்டியிலிருந்தே பயந்த சுபாவம். ஆட்கள் வந்தால் அலுமாரிக்கு அடியில் புகுந்துவிடுவான். அண்மையில் வயலுக்கு யானை வந்து இரவிரவாக வெடி கொளுத்தினார்கள். அதே கிழமை வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டியும் வந்தது. அதற்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. சோறும் சொதியும் வைத்தால் மணந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். சில நேரம் அவசரமாக விழுங்கி உடனே சத்தி எடுக்கிறான். மெலிந்தும் விட்டான். "பசித்தால் தானே சாப்பிடும், விடு" என்கிறா அம்மா. நான் பிடித்து ஊட்டப் போனால் கீறுகிறான். என்ன செய்யலாம், டொக்டர்?

பதில்: அம்மா சொல்வது நாய்க்கு அநேகமாகச் சரிவரும். இன்று சாப்பிடாத நாய் நாளைக்குச் சட்டியை நக்கிவிடும். பூனையின் உடம்பு வேறு. சாப்பாடு போகாவிட்டால் உடம்பில் இருக்கும் கொழுப்பு கரைந்து ஈரலுக்கு வரும். அவ்வளவையும் சமாளிக்கப் பூனையின் ஈரலால் முடியாது. கொழுப்பு அங்கேயே படிந்து ஈரலின் வேலை குறையும், அதனால் இருக்கிற பசியும் செத்துப்போகும். இரண்டு மூன்று நாள் முழுப்பட்டினி கிடந்தாலே இது தொடங்கலாம். கொழுத்த பூனைக்கு ஆபத்து இன்னும் கூட. ஆகவே 24 மணித்தியாலம் ஒன்றுமே சாப்பிடாவிட்டால் மிருக வைத்தியரோடு கதையுங்கள். இரண்டாவது நாளும் அப்படியென்றால் கட்டாயம் கொண்டுபோங்கள். சின்னக் குட்டிக்கு அரை நாள் கூடப் பொறுக்கக் கூடாது.

கறுப்பன் கொஞ்சமாவது சாப்பிடுகிறான் என்பது ஆறுதல். ஆனால் மெலிந்ததைக் கண்ணால் மட்டும் மதிப்பிட வேண்டாம், கூடையோடு கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 4 கிலோப் பூனையில் 400 கிராம் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. 60 கிலோ ஆள் ஆறு கிலோ இழந்த மாதிரி. கிழமைக்கு ஒருதரம் நிறுத்து எழுதி வையுங்கள்.

எல்லாவற்றையும் பயத்தின் தலையில் போடுவதற்கு முன் ஒருதரம் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். பல் முரசு சிவந்து வீங்கியிருந்தாலும், பல்லுக்கிடையில் மீன் முள் சிக்கியிருந்தாலும் பூனை இப்படித்தான் மணந்துவிட்டுப் போகும். வாய் நாறுகிறதா, ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லுகிறானா, வாயில் எடுத்ததைக் கீழே போடுகிறானா என்று தள்ளி இருந்து பாருங்கள். தடிமன் பிடித்து மூக்கு அடைத்த பூனையும் சாப்பிடாது, வாசம் தெரியாவிட்டால் அதற்குச் சாப்பாடு சாப்பாடாகவே தெரியாது. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்து எவ்வளவு காலம் என்பதையும் யோசியுங்கள்.

இதில் ஒன்றும் இல்லையென்றால் பயம்தான். பூனை வேட்டையாடும், அதே நேரம் தன்னைவிடப் பெரிய மிருகத்துக்கு இரையாகவும் போகும். தலை குனிந்து சாப்பிடும் நேரத்தில் முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று அதற்குத் தெரியாது. பயந்த உடம்பு ஓட ஆயத்தமாக இருக்கும், வயிறு வேலையை நிறுத்திவைக்கும். கறுப்பன் அவசரமாக விழுங்குவதும், விழுங்கியது முழுசாகவே வெளியே வருவதும் இதனால் இருக்கலாம். அதனால் என்ன சாப்பாடு வைப்பது என்பதைவிட எங்கே வைப்பது என்பதை முதலில் பாருங்கள்.

நாய்க்குட்டி போக முடியாத ஓர் அறையை அவனுக்கு ஒதுக்குங்கள். தட்டைக் குசினி வாசலிலோ ஆட்கள் நடக்கும் விறாந்தையிலோ வைக்க வேண்டாம். சுவர் அவனுக்குப் பின்னால் இருக்க, கதவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேசைக்கு மேலே வைத்தால் இன்னும் நல்லது, உயரத்தில் இருக்கும் பூனைக்குப் பயம் பாதி குறையும். தண்ணீர் வேறொரு மூலையில், மணல் போட்ட பேசின் அதற்கும் தள்ளி. ஒரு காட்போட் பெட்டியைச் சரித்து வைத்து, நீங்கள் உடுத்துக் கழுவாத பழைய சட்டை ஒன்றை உள்ளே போடுங்கள். அதற்குள் போனால் யாரும் கை நீட்டக் கூடாது, அலுமாரிக்கு அடியில் இருந்தும் இழுக்கக் கூடாது. ஒளிக்க இடம் இருக்கிறது என்று தெரிந்த பூனைதான் வெளியே வரும்.

யானை வெடியை நிறுத்தச் சொல்ல முடியாது, வயல் போனால் வருஷத்துச் சோறே போய்விடும். வயல் பக்கத்து யன்னலை இருட்டுவதற்கு முன்பே சாத்தி, பெட்டியை மறுபக்கச் சுவரோடு வையுங்கள். வானொலியோ மின்விசிறியோ மெதுவாக ஓடட்டும். இரவுச் சாப்பாட்டை வெடி தொடங்குவதற்கு முன்னரே கொடுத்துவிடுங்கள். நாய்க்குட்டியை இப்போதைக்குக் கண்ணில் காட்ட வேண்டாம். கறுப்பன் ஒரு கிழமை ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு, குட்டி படுத்த துணியை அறையின் மூலையில் போட்டு மணம் பழக விடுங்கள். அப்புறம் குட்டியைக் கட்டி வைத்து, தூரத்தில் இருந்து காட்டலாம்.

இனிச் சாப்பாடு. சோறும் சொதியும் வைக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை இன்றோடு விடுங்கள். சொதியிலும் குழம்பிலும் போடும் வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையைக் கொண்டுவரும், அவித்தாலும் அந்த நஞ்சு போகாது. குளத்து மீனோ கோழியோ உப்பு, தூள் போடாமல் அவித்து, முள்ளும் எலும்பும் எடுத்து, பிசைந்து கொடுங்கள். இளஞ்சூடாக, நம் உடம்புச் சூட்டளவில் இருந்தால் வாசம் எழும்பும். அகலமான தட்டில் பரவி வைத்தால் ஒரேயடியாக விழுங்க முடியாது. ஒரு நாளுக்கு ஐந்து ஆறு தரம், ஒவ்வொரு முறையும் ஒரு மேசைக்கரண்டி அளவு. அரை மணித்தியாலத்தில் தொடாவிட்டால் எடுத்துவிட்டு, அடுத்த நேரத்துக்குப் புதிதாக வையுங்கள். வைத்துவிட்டு விலகிப் போய்விடுங்கள், பக்கத்தில் நின்று "சாப்பிடு, சாப்பிடு" என்று கெஞ்ச வேண்டாம். பால் பல பூனைகளுக்கு வயிற்றோட்டம் தரும், தண்ணீரே போதும்.

மீன் மட்டும் மாதக்கணக்கில் போதாது. கடையில் விற்கும் பூனைச் சாப்பாட்டை 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். சைவ வீட்டுக்காரரும் இதைக் கவனிக்க வேண்டும். பூனைக்குத் தேவையான டோரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது, சோறு தயிரில் இல்லை. அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும்.

பிடித்து ஊட்டுவதை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு தட்டைக் கண்டாலே ஓடுவான், உங்களைக் கண்டாலும் ஓடுவான். உடம்பு சுடுகிறது என்று பனடோல் கொடுக்கவே கொடுக்காதீர்கள், தயவுசெய்து. ஒரு குளிசையே பூனையைக் கொல்லப் போதும். நாய்க்குட்டிக்கு உண்ணி மருந்து வாங்கினால் அதைக் கறுப்பனுக்குப் பூச வேண்டாம், நாய்க்குச் செய்த சில மருந்துகள் பூனைக்கு நஞ்சு. பசியைத் தூண்டவும் பயத்தைக் குறைக்கவும் பூனைக்கு மருந்துகள் இருக்கின்றன, வைத்தியர் நிறை பார்த்துத் தருவார்.

கறுப்பன் கடுவன் என்பதால் இன்னொன்று. பயந்த கடுவன் பூனைக்குச் சலம் அடைபடுவது உண்டு. மணலில் திரும்பத் திரும்பப் போய்க் குந்தி, முக்கி, ஒரு துளிகூடப் போகாவிட்டால் விடியும்வரை பார்க்க வேண்டாம், அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். முரசோ காதின் உட்பக்கமோ மஞ்சளித்தாலும், ஓயாமல் சத்தி எடுத்தாலும் அப்படித்தான்.

அவன் கீறியதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அரச வைத்தியசாலையில் காட்டுங்கள். விசர்நோய் பூனையாலும் வரும். கறுப்பனுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாயால் வீணி வடிந்து, விழுங்க முடியாமல், திடீரென்று ஆட்களைப் பாய்ந்து கடிக்கும் பூனையின் வாய்க்குள் முள் தேடிக் கை விடவே கூடாது.

வைத்தியரிடம் கொண்டுபோகும்போது சாக்கில் கட்ட வேண்டாம். மூடி உள்ள பிளாஸ்டிக் கூடை ஒன்றை இன்றைக்கே அறைக்குள் திறந்து வைத்து, உள்ளே அவனுடைய துணியைப் போடுங்கள். போகும் நாளில் மேலே துவாய் மூடி, மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு முன்கூட்டியே அழைத்து, நாய்கள் குறைவாக வரும் நேரத்தைக் கேட்டுப் போங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு சாப்பிட்டான், எத்தனை தரம் சத்தி எடுத்தான் என்பதைத் தாளில் எழுதிக் கொண்டுபோனால் வைத்தியருக்குப் பாதி வேலை குறையும். இந்தக் கிழமை நிறையையும் அதிலேயே எழுதுங்கள்.